கையெழுத்துப் போடுகிற ஆள்

அஜ்மான்
12.1.2025

அன்பு அகிலாவுக்கு அப்பத்தா எழுதுவது.

அன்றைக்கு நம் வீட்டில் சாப்பிட்டவர்கள்: உன் அப்பன் பாலகுரு, அம்மா கனகா, நீ, நான், கம்பெனியில் உன் பயிற்சி நோட்டில் கையெழுத்துப் போடுகிற விஜயபாஸ்கர், அவன் பெண்டாட்டி நாகவள்ளி. ஆறு பேர். உனக்குப் பயிற்சிக்கு இடம் வாங்கித் தந்தானே என்று நான்தான் விருந்துக்கு அழைத்தேன். வஞ்சிரத்தில் நடுத்துண்டு மூன்று அவன் தட்டில்.

ரசம் ஊற்றும்போது சொன்னான்: “உங்க பேத்தி எழுதுன குழாய்க் கசிவு ரிப்போர்ட்ட என் பேருல மேல அனுப்பிட்டேன்மா. நம்ம ஊருக்காரங்களுக்குள்ள யாரு பேரு போட்டா என்ன?” உன் அப்பன் சிரித்தான். கனகா அப்பளத்தை நொறுக்கினாள். நாகவள்ளி தலை நிமிரவில்லை.

இப்போது அது முழுக்கத் தன் வேலை என்கிறானாமே? நாலு மாதம் வெயிலில் அலைந்து வேலை பார்த்ததுக்கு உன் மாஸ்டர்ஸ் படிப்பில் மார்க்கே கிடையாதா? இந்தக் காகிதத்தை உன் பேராசிரியரிடம் காட்டு. அல் ஐனுக்கு மளிகை ஏற்றி வருகிற சாதிக் பாட்ஷாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பருப்புப்பொடியும் இருக்கிறது. டப்பாவைத் திருப்பி அனுப்பு. போன டப்பாவே இன்னும் வரவில்லை.

ராக்கம்மா

அல் ஐன்
19.1.2025

அப்பத்தா,

டப்பா இரண்டும் வருகின்றன. உன் காகிதத்தை இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தேன். நாகவள்ளி அக்காவிடம் பேராசிரியர் போனில் கேட்டார். அக்கா மறைக்கவில்லை. “ஆமா, என் காது கேக்கத்தான் சொன்னாரு” என்றார். மறுநாள், கசிவைக் கண்டுபிடித்த விதத்தை என்னையே நேரில் விளக்கச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம். தேறிவிட்டேன்.

ஒரே ஒரு வருத்தம். மீன் துண்டைக்கூட எண்ணி எழுதினாய். “அது என் வேலை” என்று நான் வாயெடுத்தபோது ஒருவர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டாய். மறந்துவிட்டதா?

அகிலா

அஜ்மான்
26.1.2025

அகிலா,

டப்பா வந்தது. ஒன்றின் மூடி நம்முடையது இல்லை.

எனக்கு எது மறந்திருக்கிறது? “வாய மூடுடி. கையெழுத்துப் போடுற ஆள எதுத்துப் பேசாத” என்றேன். நீ கைகூடக் கழுவாமல் எழுந்து போனாய். உன் மீன் அப்படியே கிடந்தது. இதையும் உன் பேராசிரியருக்கு மாற்றிக் கொடு.

உன் அப்பன் சிரித்ததைப் பொறுத்துக்கொண்டேன். நாகவள்ளிக்கு ஒரு டப்பா பருப்புப்பொடி வைத்திருக்கிறேன். விஜயபாஸ்கர் வந்தால் சோறு உண்டு, மீன் கிடையாது. அன்றைக்கு இருந்த ஆறு பேரில், உன் வாயை அடைத்த ஒருத்தியை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை.

ராக்கம்மா