தோப்புக் காளானில் இருக்கும் சத்து

பலாத்தோப்பு, ஆலங்குடி வழி
தாரண வருஷம், ஐப்பசி 22

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் என் மச்சான் தங்கமுத்து அவர்களுக்கு, சொர்ணவல்லி வணங்கி எழுதுவது. இங்கே நானும் நம் மகள் செவந்தியும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதுவதுதான் முறை. எனக்குத்தான் கை வரவில்லை. உங்கள் சுகத்துக்கு மறுதபாலில் எழுதவும்.

மழை நன்றாகப் பிடித்திருக்கிறது. கண்மாயில் பாதிக்கு மேல் தண்ணீர். ரேஷன் அரிசியில் பாதி கல், மீதி புழு. அந்தப் புழுவுக்கு இருக்கிற செழிப்பு நம் பிள்ளைக்கு இல்லை.

ஆவணியில் நீங்கள் போட்ட கடிதத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். மாசியில் காய்ச்சலில் படுத்தெழுந்த பிறகு செவந்திக்குக் காலில் தெம்பில்லாமல் போனது உங்களுக்குத் தெரியும். ஆறு வயதுப் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆடியில் இடி இடித்து முதல் மழை விழுந்ததும் பலா மரத்தடிப் புற்றுகளில் காளான் பூத்தது. விடியுமுன் போய்ப் பறித்து வந்து, மிளகு தட்டிப் போட்டு வதக்கி, கேழ்வரகுக் கூழோடு கொடுத்து வந்தேன். ஒரு மாதத்தில் கிணற்றடி வரைக்கும் தானாக நடந்தாள். அதைத்தான் உங்களுக்குச் சந்தோஷமாக எழுதினேன்.

பாகம் பிரியாத தோப்பு. பலாவையும் மாங்காயையும் உங்கள் அண்ணன் எண்ணி எண்ணித்தான் பறிப்பார். மரங்களுக்கு நடுவே போட்ட தட்டைப்பயறுகூட அவர் சொன்னால்தான் வீட்டுக்கு வரும். காளானுக்கு மட்டும் கேள்வி கிடையாது. யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர்கள் மடிக்குப் போகும். உங்கள் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தானாம்.

பட்டாளத்துக் கடிதத்தைத் தனியாகப் படிக்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. எல்லாரும் கூடி உட்கார, நாலாம் வகுப்புப் படித்த நான் உரக்கப் படிக்க வேண்டும். கறிக்கும் பருப்புக்கும் அடுத்தபடி உடம்பை வளர்க்கிற சத்து காளானில் உண்டு, நரம்புக்கு வேண்டிய ஜீவசத்தும் உண்டு, வெயிலில் காய வைத்துத் தின்றால் எலும்புக்கு உறுதி என்று உங்கள் டாக்டர் துரை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை நான் முணுமுணுத்துவிட்டுத் தாண்டியிருக்கலாம். உங்கள் அண்ணி மூக்காயி அக்கா நாலு பேர் எதிரில் என்னைக் காளான் பொறுக்கி என்று கேலி செய்து வந்தவள். அவள் காதில் நன்றாக விழட்டும் என்று இரண்டாந்தரமும் படித்தேன். மூன்றாந்தரம் உங்கள் அண்ணனே படிக்கச் சொன்னார். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அந்தத் திமிருக்குத்தான் அனுபவிக்கிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை உங்கள் அண்ணன் புற்றுகளைச் சுற்றி இலந்தை முள் வெட்டிப் போட்டு அடைத்தார். போய்க் கேட்டேன். “சும்மா மொளைக்கிறதுன்னு விட்டிருந்தேன் சொர்ணம். இம்புட்டுச் சத்து இருக்குன்னா அது தோப்புச் சொத்துல்ல? தம்பியே எழுதியிருக்கானே” என்றார். உங்கள் கடிதத்தைக் கொண்டே என் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது காளான் கூடையில் ஏறி, மண்ணெண்ணெய்ச் சீட்டு எழுதுகிற அதிகாரி வீட்டுக்குப் போகிறது. அந்த வீட்டில் யாருக்கும் காலில் தெம்பில்லை என்று நான் கேள்விப்படவில்லை. மிச்சத்தை அக்கா முறத்தில் பரப்பி வெயிலில் காய வைக்கிறாள். அதுவும் நான் படித்துக் காட்டியதுதான். பிள்ளைக்கு ஒரு கைப்பிடி கேட்டேன், நாளைக்கு வா என்றாள். மூன்று நாள் சட்டியோடு போய் நின்றேன். நான்காம் நாள் போகவில்லை.

புரட்டாசிக் கடைசியில் கண்மாய்க் கரைப் புறம்போக்கில் வெள்ளை வெளேரென்று காளான் கண்டேன். தோப்பில் பூப்பது போலத்தான் இருந்தது. புற்றில்லாத தரையில் முளைத்திருக்கிறதே என்று மனசில் பட்டது. பட்டும் பறித்தேன். பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, மிஞ்சினால் நான் தின்னலாம் என்று இருந்தேன். எனக்கு மிஞ்சவில்லை. பொழுது சாய்வதற்குள் அவளுக்கு வாந்தி கண்டது, வயிறு போனது, கண் செருகியது. வண்டி கட்டி ஆலங்குடிக்குக் கொண்டுபோனது உங்கள் அண்ணன்தான். அதை எழுதாமல் விட்டால் பாவம். வழி நெடுக என்னை அவர் திட்டியதையும் எழுதிவிடுகிறேன். மூன்றாம் நாள் பிள்ளை கண் திறந்தாள்.

உயிர் தப்பிவிட்டது, பயப்பட வேண்டாம். மறுபடியும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். கூழை நீட்டினால் வாங்குவதில்லை. “நீ மொதல்ல குடி ஆத்தா” என்கிறாள். நான் ஒரு வாய் குடித்த பிறகும் உடனே வாங்கிவிட மாட்டாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் சாகவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறக்கிறாள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. நல்லதைத்தான் எழுதினீர்கள் என்பது தெரிந்தும் ஆறவில்லை. இனிமேல் எதில் சத்து என்று கடிதத்தில் எழுத வேண்டாம். வயல் வரப்பில் பண்ணைக்கீரை இன்னும் கேட்பாரில்லாமல் முளைக்கிறது. அதைப் பற்றி டாக்டர் துரை ஏதாவது சொன்னால், தயவுசெய்து உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

முனியய்யா உங்களைக் குண்டுக்கும் காய்ச்சலுக்கும் தப்ப வைத்துக் காக்கட்டும். நாலு நாள் ரஜா கிடைத்தாலும் வாருங்கள். எதுவும் வாங்கி வர வேண்டாம். ஒரே ஒரு வேளை பிள்ளை பார்க்கும்படி எதிரில் உட்கார்ந்து, என் கையால் வாங்கிச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சொர்ணவல்லி