ஞாயிறு நடைக்கு மூன்றாவது ஆள்

மாசி 6, ஞாயிறு

காலையில் பனி. வெயில் வரத் தாமதம். ரோட்டோரம் முள்முருங்கை எல்லாம் இலையை உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கிறது. மைனா, கிளி, கொண்டைக்குருவி, எல்லாம் அதன் மேல்தான். காட்டு மாமரங்களில் தளிர், செம்பு நிறத்தில்.

சந்தோஷமாக எழுத வேண்டிய நாள். முடியவில்லை. காரணம் வி.

வி. என்றால் விஜி டீச்சர். பொங்கலுக்குப் பிறகு சேலத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். கழுத்தில் பைனாகுலர். எங்கள் ஞாயிறு நடைக்கு அவளைக் கூப்பிட்டது ஜமீலா அக்கா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டர் சர்க்கரைக்கு நடக்கச் சொன்னது அக்காவை, இரண்டு வருடமாகத் துணைக்குப் போனது நான். அக்காவின் மிளகுக் கடையும் என் தையல் கடையும் பக்கத்துப் பக்கம்தான், ஆனாலும் கடையில் பேச முடியாததெல்லாம் அந்த நடையில்தான் பேசுவோம். இன்று நான் பேசியது மொத்தமே நாலு வாக்கியம் இருக்கும்.

ஓயாமல் ஒரே மாதிரி கத்தும் பச்சைக் குருவிக்கு நாங்கள் வைத்த பெயர் ரைஸ்மில். "ரைஸ்மில் ஓட ஆரம்பிச்சாச்சுங்க்கா" என்றேன்.

"அது குக்குறுவானாமா. டீச்சரம்மா போன் சொல்லுது."

சத்தத்தைக் கேட்டே போன் பேர் சொல்கிறதாம்.

இறக்கத்தில் அக்கா அவளிடம், "பாத்து வா கண்ணு, கல்லு வழுக்கும்." எனக்கு வழுக்காதா?

மாசி 8, செவ்வாய்

விடியற்காலை மழை, நல்ல மழை. காப்பி பூக்கும்.

முடிக்க வேண்டியது: போஸ்ட்மேன் வீட்டு ரவிக்கை 3. ஜிப் மாற்ற பேண்ட் 1. நூல் வாங்க, அரக்குக் கலர்.

மத்தியானம் வி. ரவிக்கை தைக்கக் கொடுத்தாள். அளவு எடுத்தேன். கையை ஒரு விரல் இறுக்கித் தைத்தால் என்ன என்று தோன்றியது. செய்ய மாட்டேன், தொழில். துணியைக் கொடுத்துவிட்டு நேராகப் பக்கத்துக் கடைக்குப் போனாள். இரண்டு பேரும் சிரிப்பது சுவர் வழியாகக் கேட்டது. மிஷினை வேகமாக மிதித்தேன். ஊசி உடைந்தது.

இவர் கேட்டார், ஏன் முகம் உம்மென்று இருக்கிறது என்று. தலைவலி என்றேன்.

மாசி 13, ஞாயிறு

காப்பித் தோட்டம் முழுக்க வெள்ளை. அந்த வாசத்துக்காகவே இந்த மலையில் வாழலாம். செடிக்குச் செடி தேனீ. அரியூர் நாட்டுப் பக்கம் நடந்தோம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்காவுக்குக் கால் வலி, பின்னால் வந்தாள். வி.யும் நானும் முன்னால். கோயில் காடு ஆரம்பிக்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். அங்கே காலில் எதுவும் போட்டுக்கொண்டு நுழையக்கூடாது. போர்டு ஒன்றும் கிடையாது, மலையில் எல்லோருக்கும் தெரியும். வி. மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டே ஷூவோடு உள்ளே போனாள். நான் வாயைத் திறக்கவில்லை. மறதி இல்லை. தெரிந்தேதான்.

சுள்ளிக்கட்டோடு எதிரே வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், சாமி காட்டுக்குள்ள செருப்புக் காலோட வர்றீங்களே! புள்ளைங்களுக்குப் பாடம் சொல்றவங்க நீங்களே இப்பிடிப் பண்ணலாமுங்களா?" பிறகு என் கையைப் பார்த்தார். "இவிங்க கழட்டிக் கையில வெச்சிருக்காங்க. உங்களுக்குச் சொல்லலீங்களா?"

வி. திரும்பினாள். என் கையில் செருப்பு. அதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னாங்கம்மா. நான்தான் மேல பாத்துட்டே வந்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

அங்கேயே ஷூவைக் கழற்றிக் காட்டைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்த அம்மாவின் கோபம் போய்விட்டது. பொய்யைக்கூட என்னைவிட நன்றாகச் சொல்கிறாள்.

பின்னால் அக்கா. செருப்பு கையில். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

திரும்பி வரும்போது குக்குறுவான் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

மாசி 14, திங்கள்

தினமும் அக்கா கடையிலிருந்து வரும் டீ இன்று வரவில்லை. வாசலில் மிளகு காயப் போட்டாள், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வி.யின் ரவிக்கை முடிந்தது. தையல் சுத்தம். அதில் குறை சொல்ல முடியாது.

மாசி 17, வியாழன்

இன்றும் டீ இல்லை. தாங்க முடியாமல் நானே போனேன். அக்கா மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீ சொன்னியா?"

"இல்லீங்க்கா."

"தெரியும். வேணும்னுதான சொல்லாம உட்டே? அந்தப் புள்ள தனியா ஊரு விட்டு ஊரு வந்து கெடக்குது. ஊருக்காரங்ககிட்டப் பேச்சு வாங்க வெச்சுட்டியே. என்ன பண்ணுச்சு உன்னை?"

"ஒண்ணும் பண்ணலீங்க்கா. பொறாமை."

"எதுக்கு?"

"நீங்க அவளையும் கண்ணுங்கறீங்க."

முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ஏன் புள்ள, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? சாக்குத் தூக்க வர்ற கெழவனையுந்தான் நான் கண்ணுங்கறேன்!"

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இந்த ஞாயித்துக்கெழமை நான் வரல. நீயும் அவளும் போங்க. சொல்ல வேண்டியத அவகிட்டச் சொல்லிட்டு அப்பறமா எங்கிட்ட வா."

மாசி 20, ஞாயிறு

வயிறு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். போனேன். வெயில், லேசான காற்று. பலாவில் மூசு பிடித்திருக்கிறது, விரல் நீளப் பிஞ்சு. ஓடைக்கு வந்ததும் நானே ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு நான் சொல்லலீங்க டீச்சர். வேணும்னேதான். தப்புத்தான்."

"தெரியும்க்கா."

"அப்பறம் ஏன் சொன்னாங்கன்னு சொன்னீங்க?"

"இங்க எனக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் இருக்கு. சண்டை வந்தா அதுவும் போயிடும்ல?"

அப்போதுதான் அது வந்தது. அக்கா இரண்டு வருடமாகத் தேடும் வால்குருவி, பழுப்பு இல்லை, வெள்ளை ஆண். கறுப்புத் தலை, ரிப்பன் போல இரண்டு நீள வால். ஓடைத் தண்ணீரில் பொத்தென்று விழுந்தது, கிளைக்குப் போனது, மறுபடி விழுந்தது. குளிக்கிறது! வி. பைனாகுலரைக் கழற்றி முதலில் என்னிடம் கொடுத்தாள். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

இறக்கம் முழுக்க அதே பேச்சு. அக்காவிடம் யார் சொல்வது? சேர்ந்து சொல்லலாம் என்று முடிவு. கடை வாசலில் நான்தான் முந்திக்கொண்டேன்.

அக்காவின் முகம் சுருங்கியது.

"வெள்ளையா? வாலு எவ்ளோ நீளம்?"

வி. கையை விரித்துக் காட்டினாள்.

"நான் வராத அன்னிக்குத்தான் அது வருமா?" மிளகு அள்ளும் படியைச் சாக்குக்குள் வீசினாள். "ரம்ஜான் நோன்புக்கு முன்னால இன்னும் ஒரே ஞாயிறுதான் இருக்குது. இனி நான் இல்லாம ஒருத்தியும் காட்டுப் பக்கம் கால் வெக்கக் கூடாது, ஆமா!"

"நீங்கதானக்கா போகச் சொன்னீங்க" என்றாள் வி.

"சொன்னா போயிருவீங்களா? போனது பத்தாதுன்னு சிரிச்சுட்டு வேற வர்றீங்க ரெண்டு பேரும்!"

அக்காவுக்குப் பொறாமை. எங்கள் மேல். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.