பேரம் பேசி முடித்த வேன் கடன்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

மூக்குக் கண்ணாடிக் கடையை வாங்க நான் கேட்ட கடனை வங்கி மறுத்துவிட்டது. இன்று காலை மேலாளர் அம்மாவே கூப்பிட்டுச் சொன்னார். காரணம் என் கிரெடிட் ஸ்கோர். நான் வாங்கிய எந்தக் கடனிலும் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. தவறியது உன் வேன் கடன். ஜாமீன் கையெழுத்து என்னுடையது என்பதால் அந்தப் பாக்கி என் பெயரிலும் ஏறியிருக்கிறது. நீ எட்டு மாதமாகக் கட்டவில்லை என்பதை அந்நியர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

நீ போனை எடுப்பதில்லை. கடிதத்தைக் கட் பண்ண முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இத்தனை வருடம் நான் லென்ஸ் தேய்த்த கடை. முதலாளி எனக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார். "ஜூன் கடைசி வரைக்கும் வேற யார்கிட்டயும் பேச மாட்டேன்மா. அதுக்கு மேல என் பொண்ணு விடமாட்டா" என்றார். உன் மாமா உன்னைத் திட்டவில்லை. சாப்பிட உட்காரும்போது மட்டும், "வேன் எப்படி ஓடுதாம்?" என்று கேட்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 19

அன்பு அக்காவுக்கு,

வேன் ஓடவில்லை. எஞ்சின் போய் மெக்கானிக் ஷெட்டில் கிடந்தது. உன்னிடம் எந்த முகத்தோடு சொல்வது என்றுதான் போனை எடுக்கவில்லை.

இப்போது நல்ல செய்தி. வேனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கடன் ஆபீசுக்குப் போனேன். நான் பழைய கார் தரகன், என்னிடம் பேரத்தில் யார் ஜெயிப்பது? "சார், முழுசா கேட்டா ஒண்ணும் தேறாது. குறைச்சுக்குங்க, இப்பவே கட்டிடறேன்" என்றேன். மல்லுக்கட்டி முக்கால்வாசியில் முடித்தேன். ரசீது இத்துடன். மிச்சம் பிடித்ததில் மாமாவுக்கு ஒரு வாட்ச் வாங்கியிருக்கிறேன். இனி உன் ஸ்கோர் தானாக ஏறும்.

வாலு

ஏப்ரல் 22

அன்புள்ள வாலுவுக்கு,

ஏறவில்லை. இருந்ததைவிட இறங்கியிருக்கிறது. மேலாளர் அம்மா கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "குறைச்சுக் கட்டி முடிச்சாங்கன்னு பதிவாகியிருக்கும்மா. அடுத்து கடன் கொடுக்கிறவங்க இதைப் பார்த்தா, நமக்கும் குறைச்சுத்தான் தருவாங்கன்னு பயப்படுவாங்க" என்றார். நீ ஜெயித்த பேரத்தில் நான் தோற்றிருக்கிறேன்.

உன்னை மட்டும் சொல்லக் கூடாது. பதற்றத்தில் இன்னும் மூன்று வங்கிகளில் விண்ணப்பம் போட்டேன். அப்படி அடுத்தடுத்துக் கேட்டதும் ஸ்கோரைக் குறைத்திருக்கிறது.

வழி இருக்கிறதாம். கடன் ஆபீஸ் உனக்கு விட்டுக்கொடுத்த தொகையையும் கட்டி, பாக்கி இல்லை என்று சான்று வாங்கி, பதிவை மாற்றச் சொல்ல வேண்டும். தவணை தவறிய மாதங்கள் அழியாது. ஆனால் நாள் போகப் போக அதன் பாரம் குறையும். கடைக்குச் சேர்த்த முன்பணத்தை எடுத்து நானே கட்டலாம். கட்டினால் கடை கிடையாது. "தம்பியைக் கேட்டுச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன்.

கேட்கிறேன்.

அக்கா

மே 9

அன்பு அக்காவுக்கு,

கட்டிவிட்டேன். சான்று இத்துடன். பதிவை மாற்றவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கடன் ஆபீஸ்காரர் என்னைப் பார்த்ததுமே, "என்ன சார், மறுபடியும் பேரமா?" என்றார். "இல்ல சார். நீங்க சொல்ற தொகைதான். ஒரு பைசா குறைக்க வேண்டாம்" என்றேன். இப்படி ஒரு வார்த்தை என் வாயில் வந்தது இதுதான் முதல் தடவை. அவரே ஒரு டீ சொன்னார்.

பைக்கை விற்றுவிட்டேன். வாட்சையும் கடையில் திருப்பிக் கொடுத்தாயிற்று, மாமா மன்னிக்கட்டும். கார் விற்கிறவன் பஸ்ஸில் வந்து இறங்குவதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்கள். சிரித்தவர்களில் ஒருவர் வண்டியும் வாங்கினார்.

போன் பண்ணு. எடுக்கிறேன்.

வாலு

ஜூன் 12

அன்புள்ள வாலுவுக்கு,

பதிவு மாறிவிட்டது. முழுதும் கட்டி முடிந்தது என்றே இருக்கிறது. மேலாளர் அம்மா காட்ட, என் கண்ணால் பார்த்தேன். ஸ்கோர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. வேண்டிய அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் நடந்ததை விளக்கி, உன் சான்றை இணைத்து, தலைமை அலுவலகத்துக்குப் பரிந்துரை அனுப்பியிருக்கிறார். "உறுதி சொல்ல மாட்டேன்மா. ஆனா இப்ப எழுதறதுக்கு எனக்கு ஒரு காரணம் இருக்கு" என்றார்.

உன் மாமா வேனைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். நேற்று தட்டைப் பார்த்தபடியே, "பஸ்ல அவனுக்கு உக்கார இடம் கிடைக்குதாமா?" என்றார்.

பதில் இருபத்தைந்தாம் தேதிக்குள் வருமாம். முதலாளி சொன்ன கெடு முப்பது. எந்தப் பதில் வந்தாலும் முதல் போன் உனக்குத்தான்.

அக்கா