ஐந்து வண்ணம் போதாது, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளை, என் எதிரிகளில் எனக்கு மிகவும் பிடித்தவனே,

நீ போன பிறகு புதன்கிழமைக் கருத்தரங்கில் நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். உன் நாற்காலியில் புது விரிவுரையாளர் ஒருவர் உட்கார்ந்து தூங்குகிறார். உன் அளவுக்குக் குறட்டை இல்லை.

கணக்குத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் நம் சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால் ஒரு வலை. ஒரு கோட்டின் இரண்டு முனைக்கும் ஒரே வண்ணம் வராமல் புள்ளிகளுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். ஒருவகை வலைகளுக்கு ஐந்து வண்ணம் போதும் என்று நீ நிறுவினாய். உன் நிரூபணத்தின் நான்காவது படி ஓட்டை என்று நான் சொன்னேன். அவ்வளவுதான் விஷயம். இதற்காக இணையத்தில் ஒருவரையொருவர் நாறடித்துக்கொண்டோம். மாநாட்டு மேடையில் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல், என் மச்சானுக்குப் புரியக் கொஞ்சம் நேரமெடுக்கும், காத்திருப்போம் என்று ஆங்கிலத்தில் சொல்லி அரங்கத்தையே சிரிக்கவைத்தாய். நானும் சும்மா இருக்கவில்லை. உன் மாணவர்களின் ஆய்வேடுகளைக் கிழித்துத் தோரணம் கட்டினேன்.

என் தங்கை அமுதா, உன்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு, உங்கள் பொங்கோல் வீட்டில் நமக்கு நடுவில் உட்கார்ந்து சோறு போட்டாள். சாப்பாட்டு மேசையில் கணக்குப் பேசுகிறவனுக்கு மீன் கிடையாது என்பது அவள் சட்டம். "என்ன மச்சான், நாலாவது ஸ்டெப் புரிஞ்சிடுச்சா, இல்ல இன்னும் ரெண்டு துண்டு மீன் வேணுமா?" என்று நீ ஆரம்பிப்பாய். உன் தட்டிலிருந்த மீன் உடனே சட்டிக்குத் திரும்பிப் போகும்.

துறையில் உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். உன் தேற்றத்தைப் பற்றி நான் பேச வேண்டும் என்றார்கள். முந்தின வாரம் அமுதா போன் செய்தாள்.

"அண்ணே, அன்னிக்கு மட்டும் அவரைப் பத்தி நல்லதா பேசுங்க. அவர் பேர்ல ஸ்டூடண்ட்ஸுக்கு பிரைஸ் வைக்கப் போறாங்களாம். எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பாராட்டுவதற்காவது ஒழுங்காகப் படிப்போம் என்று தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்து உன் கட்டுரையை முதல் வரியிலிருந்து படித்தேன். நான்காவது படியில் ஒரு குறையும் இல்லை. அழுகல் முதல் பக்கத்தில் இருந்தது, 'இது வெளிப்படை' என்று எழுதிவிட்டு நீ தாண்டிப்போன ஒரு வரியில். அத்தனை வருஷமும் நானும் அதை வெளிப்படை என்றே தாண்டியிருக்கிறேன். வாங்கிவைத்த தே தாரிக் டீயைக் குடித்து முடிப்பதற்குள், உன் ஐந்து வண்ணத்தில் அடங்காத சின்ன வலை ஒன்று டிஷ்யூ தாளில் வந்துவிட்டது. உன் தேற்றமே தப்பு, மாப்பிள்ளை. எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

கூட்டத்தில் அமுதாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன், கேள்வி நேரம் வரைக்கும். ஓர் ஆராய்ச்சி மாணவி எழுந்து, அந்த நான்காவது படிச் சர்ச்சை என்னவாயிற்று என்று கேட்டாள். நான்காவது படி சரிதான் என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். தேற்றம்தான் தப்பு என்றும் சொன்னேன். வெண்பலகைக்கு முன்னால் உன் படம் இருந்தது. எழுத விடாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. மாலையோடு தூக்கித் தரையில் வைத்துவிட்டு வலையை வரைந்தேன்.

நம் ஆட்களைப் பற்றி உனக்குத் தெரியாதா? துக்கம் போன இடம் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பலகையைப் போனில் படம் பிடித்தார்கள். யாரோ அழகு என்றார். சிலர் கைதட்டினார்கள். நீ உயிரோடு இருந்திருந்தால் நீயும் மூக்கு உரச நின்று கோடுகளைச் சரிபார்த்திருப்பாய், இல்லையா?

அமுதா வந்து தரையிலிருந்து உன் படத்தை எடுத்தாள். முந்தானையால் அதன் கண்ணாடியைத் துடைத்தாள். லிஃப்ட் அருகே போய் அவளை நிறுத்தினேன்.

"நான் சொன்னது உண்மைம்மா."

"இருக்கட்டும்ணே. நீங்க ஜெயிச்சிட்டீங்க. இப்ப இதை யார்கிட்ட போய்ச் சொல்லுவீங்க?"

லிஃப்ட் வந்தது, ஏறிப் போய்விட்டாள். பரிசைத் தள்ளி வைத்திருப்பதாகத் துறை சொல்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. பொங்கோலுக்குப் போய்க் கதவைத் தட்டினால் உள்ளே டிவி சத்தம் குறைகிறது. கதவு திறப்பதில்லை.

என் மறுப்புக் கட்டுரையை இந்த மாதமே அனுப்பிவிடுவேன், இது நான் உனக்குத் தரும் வாக்கு. செத்துவிட்டாய் என்பதற்காக ஒரு வரியைக்கூட மென்மையாக்க மாட்டேன். உனக்கும் அது பிடிக்காது. தலைப்பில் உன் பெயர் இருக்கும். உன் தேற்றம் இல்லாவிட்டால் என் வலை வெறும் கிறுக்கல்தானே? அச்சானதும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு யாரிடம் ஓடுவது என்றுதான் தெரியவில்லை.

தனக்கு அண்ணனே கிடையாது என்று அமுதா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். ஆகவே, எனக்கு மிச்சமிருக்கும் ஒரே உறவைப் போட்டு முடிக்கிறேன்.

உன் மச்சான்