மேடையில் பேசப் போகிறேன்

அம்மா,

சாப்பாடு அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு உப்புக் குறைத்துத் தனியாக எடுத்திருக்கிறேன், மாற்றிப் போட்டுவிடாதே. குழாய் சரிசெய்கிறவர் வருவார். அதுவரை வாளியை அங்கேயே விட்டுவை, இன்னும் ஒழுகுகிறது. இன்னொரு சாவி பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் இருக்கிறது.

நான் நூலக அரங்கில் நடக்கும் நகைச்சுவை நிகழ்ச்சியில் பேசப் போகிறேன். "பொம்பளப் பிள்ளை மேடையேறி நாலு பேரைச் சிரிக்க வைக்கணுமா? ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்கும்" என்று அப்பா நேற்றுச் சொன்னபோது நான் பதில் பேசவில்லை. பேசியிருந்தால் நீதான் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்திருப்பாய். ஆனால் சொல்லாததெல்லாம் எனக்குள் சேர்ந்துகொண்டே போகிறது. ஒருநாளாவது அதை ஆட்கள் முன்னால் என் குரலில் சொல்லிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அப்பா கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடு.

மாப்பிள்ளை வீட்டாரிடம் "எங்க பொண்ணு வாயே திறக்க மாட்டா" என்று பெருமையாகச் சொன்னாயே, அதில்தான் ஆரம்பிக்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

பி.கு: மாடியில் துணி காய்கிறது. மழை வந்தால் எடுத்துவிடு.

இன்னொன்று. சமையலறையில் நான் பேசிப் பழகியபோது, கதவுக்குப் பின்னால் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. முன்வரிசை ஓரத்தில் உனக்கு ஓர் இடம் பிடித்து வைக்கிறேன். வந்தால், சத்தமாகவே சிரி.