பீரோக் கதவில் ஒரு புளியங்கொட்டை

இருபது வருடத்தில் ஒருநாள்கூட என்னைப் பேர் சொல்லி அழைக்காத என் அருமை வீட்டுக்காரருக்கு,

இன்று காலை பீரோவுக்குக் கதவு மாட்டியாயிற்று. என் அப்பா சீராகக் கொடுத்த பீரோ. கல்யாணமான ஆறாம் மாதமே அதன் இடப்பக்கக் கதவைக் கழற்றி மேசைமேல் படுக்கப் போட்டீர்களே, அதே கதவுதான். "தல்லாகுளம் பூராத் தேடுனாலும் இம்புட்டுச் சமமான இரும்பு கிடைக்காது" என்றீர்கள். உங்களுக்குப் பறக்கவிடும் பொம்மை விமானம் கட்டப் பலகை கிடைத்தது. எனக்குத் திறந்த பீரோ மிஞ்சியது.

பழைய ரேடியோ ஸ்பீக்கர்களை உடைத்துக் காந்தம் எடுத்துத் தந்தவர் உங்கள் சிநேகிதர் முத்தையா அண்ணன். கப்பலூரில் பட்டறை வேலை அவருக்கு. கதவின்மேல் வரைபடத்தை விரித்து, பால்சா என்கிற லேசான மரத்தின் குச்சிகளைப் பசை தடவி ஒட்டி, அசையாதபடி இருபுறமும் காந்தங்களை அணைத்து வைத்துவிட்டு ஆபீஸ் போவீர்கள். சாயங்காலம் வந்து எடுத்தால் இறக்கைச் சட்டம் நூல் பிடித்த மாதிரி இருக்கும். "இரும்பு பொய் சொல்லாது" என்பீர்கள். என்மேல் அப்படியொரு நம்பிக்கை வைத்ததுண்டா?

கல்யாணமாகிப் பன்னிரண்டாம் வருடம், திறந்த பீரோவில் இருந்த என் முகூர்த்தப் பட்டுச் சேலையை எலி கடித்த அன்று உட்கார்ந்து அழுதேன். நீங்கள் மேசையை விட்டு நிமிரவில்லை.

"சேலையத்தானே கடிச்சுச்சு? ரெக்கையக் கடிக்கலைல்ல?"

மறுநாள் நீங்கள் படியிறங்கியதும், பசை காயுமுன், இடது இறக்கை நுனியில் பின்பக்கக் குச்சிக்கு அடியில் ஒரு புளியங்கொட்டையைச் செருகி, காந்தத்தை நெருக்கி வைத்தேன். சட்டம் முறுகியபடியே காய்ந்ததும், நீங்கள் வருமுன் உருவிவிட்டேன். அன்றைக்கு எனக்கு நல்ல பசி. இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

இரும்பை நம்பி நீங்கள் சரிபார்க்கவே இல்லை. முத்தையா அண்ணன் சட்டத்தின்மேல் மெல்லிய தாளை ஒட்டினார். திருவாதவூரில், அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கண்மாய் வறண்டு கிடந்தது; அங்கேதான் பறக்கவிட்டீர்கள். உங்கள் ஆபீஸே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. விமானம் எழும்பியது, இடப்பக்கம் சாய்ந்தது, சுழன்று மண்ணில் குத்தியது. யாரோ சிரித்தார்கள். உடனே முத்தையா அண்ணன்மேல் பாய்ந்தீர்கள், அவர் மனைவியின் எதிரிலேயே.

"உன் கை பட்டது எதுடா வௌங்கிருக்கு? ரெக்கையா, புள்ளையா?"

அவர்களுடைய முதல் குழந்தை பிறந்து மூன்றாம் நாளே போய், அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அன்றோடு அவர் நம் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

எட்டு வருடம் கழித்து, உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்தார். இலை போடுமுன் தனியாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்மகளுக்கு ஆறு வயசாச்சு தங்கச்சி. இன்னைவரைக்கும் அவளத் தூக்குனதில்ல நானு. பயந்துக்கிட்டே இருந்துட்டேன்."

கை நனைக்காமலே போய்விட்டார்.

கதவு மாட்ட மேசையை ஒழித்தபோது அந்த வரைபடம் கிடைத்தது. பின்பக்கம் உங்கள் கையெழுத்து: "சட்டமே முறுகியிருக்கிறது. தாள் ஒட்டியதில் தவறில்லை." விமானம் விழுந்ததற்கு மறுநாள் தேதி போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் எட்டு வருடமும் உங்களுக்குத் தெரியும். பாவி மனுஷா, திருவாதவூருக்கு ஒரு நடை போய் அந்த ஒரு வரியைச் சொல்ல உங்களுக்கு மனசு வரவில்லையா? செய்தது நான் என்பதும் தெரியுமா? தெரிந்துதான் அப்புறம் ஒரு விமானமும் கட்டாமல், கதவையும் திருப்பி மாட்டாமல் விட்டீர்களா?

நமக்கு நல்ல பொருத்தம்தான் பார்த்திருக்கிறார்கள்.

நாளை முதல் பஸ்ஸில் திருவாதவூர் போகிறேன். அவர் மனைவி எதிரிலும் அவர் மகள் எதிரிலும் என் வாயால் சொல்வேன். நீங்கள் எழுதிவைத்த வரைபடத்தையும் கொடுப்பேன். உங்கள் பேர் கெடும். கெடட்டும், என் பேரும் கூடவே கெடத்தான் போகிறது. அவர்கள் காறித் துப்பினாலும் சொல்லி முடிக்காமல் திரும்ப மாட்டேன், இது சத்தியம். ஆறு வயதுப் பிள்ளையை இன்னும் தூக்கலாம். கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான்.

உங்கள் சம்சாரம்,
பேர் மங்கையர்க்கரசி