புதன்கிழமை மகள்

ஷ்ரோப்ஷயர்
24 ஜனவரி 1973, புதன் இரவு

மிஸ் பெவர்லி ஹார்கர் அவர்களுக்கு,

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நான் உங்களை ஒவ்வொரு புதன்கிழமையும் ஏழரை மணிக்குப் பார்க்கிறேன். 'ஆலைத் தெரு' தொடரில் உங்களுக்கு அப்பாவாக, பஸ் ஓட்டும் ஃபிராங்காக நடிக்கிறாரே ஐவர் லாங்டன், அவர் என் அப்பா. நிஜ அப்பா. இதை யாராவது உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டும் என்று தோன்றியது.

இன்றைக்கு அவர் உங்களுக்குத் தலை பின்னிவிட்டார். பின்னி முடித்து உச்சியில் ஒரு முத்தம் வேறு. விடுதிக் கூடத்தில் நாற்பது பெண்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பமேலா என் முதுகில் விரலால் குத்திக் கேட்டாள்: "ஏய் லாங்டன், உங்கப்பா உனக்கு எப்பவாச்சும் தலை பின்னிவிட்டிருக்காரா?"

"தினமும்தான்," என்றேன்.

"உனக்குத்தான் சின்ன வயசுலேர்ந்து கிராப்பாச்சே. எதைப் பின்னினாரு, புருவத்தையா?"

கூடமே சிரித்தது. நீங்களும் திரையில் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் அவரை வேலைக்கு வெளியிலும் 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறீர்கள் என்று ஒரு பத்திரிகையில் போட்டிருந்தது. தயவுசெய்து அதை நிறுத்திவிடுங்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இங்கே நாங்கள் எழுதும் கடிதங்களை விடுதிக் காப்பாளர் மிஸ் கிராடக் படித்த பிறகுதான் உறை ஒட்டலாம். அதனால் விளக்கணைத்த பிறகு குளியலறையில், தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். நடையில் காலடி கேட்டால் உயிர் போய்விடுகிறது. போன வருடம் பிடிபட்டவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் பிரிந்து நான்கு வருடம் ஆகிறது. என்னை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அவர்களுக்கே தெரியாது. பதில் போடுவதானால் உறையின் பின்னால் 'மேபல் அத்தை' என்று எழுதுங்கள். உறவினர் கடிதங்களைப் பிரிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஜூடித் லாங்டன்


மான்செஸ்டர்
2 பிப்ரவரி 1973

அன்புள்ள மருமகளே,

அத்தை எழுதுகிறேன். மூட்டு வலி பரவாயில்லை. பூனை குட்டி போட்டிருக்கிறது. போதுமா? இதுவரை மிஸ் கிராடக்குக்கு. இனி உனக்கு.

உனக்கும் பதின்மூன்று வயது என்று ஐவர் சொல்லியிருக்கிறார், அதனால் இந்த 'மிஸ் ஹார்கர்' எல்லாம் வேண்டாம். நான் அவரை 'ஐவர்' என்றுதான் கூப்பிடுகிறேன். பத்திரிகைக்காரன் என்னிடம் பேசியதே இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. பிறகு பாவமாக இருந்தது. நீ நினைக்கிற அந்த வீடு இங்கே இல்லவே இல்லை, தெரியுமா? வாரம் முழுக்க ஒரு தேவாலயக் கூடத்தில் ஒத்திகை. தரையில் ஒட்டிய நாடாக்கள்தான் சுவர். மஞ்சள் நாடா சமையலறை, நீல நாடா படிக்கட்டு. உங்கப்பா அடிக்கடி மறந்துபோய்ச் சுவர் வழியாக நடந்து வருவார். இயக்குநர் கத்துவார்: "ஐவர், நீங்க பஸ் டிரைவரா, பேயா?" வியாழக்கிழமை மட்டும்தான் ஸ்டுடியோவில் நிஜச் சுவரும் கேமராவும்.

எனக்கு உன்னை நன்றாகத் தெரியும். இடைவேளையில் டீயும் பிஸ்கட்டும் வந்தால் உன் பேச்சும் வந்துவிடும். ஜிப்சி என்ற உன் வெள்ளைக் குதிரை, நீ அதிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்தும் அழாமல் இருந்தது, வாரா வாரம் நீ அவருக்கு எழுதும் எட்டுப் பக்கக் கடிதம் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். தலை பின்ன ஒப்பனைக்கார அம்மாள் கற்றுத்தர வந்தபோதுகூட, "எனக்கா சொல்லித்தர்றீங்க? இடுப்பு வரைக்கும் முடி வச்ச பொண்ணு எங்க வீட்லயே இருக்கா," என்றார். அதை எப்போது வெட்டினாய்? அவருக்குத் தெரியுமா?

உன் அத்தை,
பெவ்


ஷ்ரோப்ஷயர்
11 பிப்ரவரி 1973, இரவு

அன்புள்ள பெவர்லி,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எனக்குக் குதிரை கிடையாது. எனக்குக் குதிரையைக் கண்டாலே பயம். தோள் எலும்பு முறியவில்லை. ஆறு வயதிலிருந்து என் முடி காதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. எட்டுப் பக்கம் எழுதுவேன், அதை அவர் பிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. பதில் என்று எனக்கு வந்தது இரண்டு வருடத்தில் மூன்று அட்டை.

இதுவரை உன்மேல் மட்டும்தான் எனக்குப் பொறாமை. இப்போது அவள்மேலும் பொறாமையாக இருக்கிறது, அந்த நீள முடிக்காரிமேல். அவளைப் பற்றித்தானே அவர் டீ குடிக்கும்போது பேசுகிறார். குதிரையிலிருந்து விழுந்தும் அழாதவள். நான் எல்லாவற்றுக்கும் அழுவேன்.

அவருடைய வேலையைப் பற்றி உனக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியும். நான் பிறந்த அன்று அவர் ஒரு கடற்கரை ஊரில் வாரத்துக்கொரு நாடகம் நடித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் மேஜர் வேஷம், ஒட்டு மீசையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். பிறகு சினிமாவில் தட்டு ஏந்தும் பட்லர், ஐந்து தடவை. இன்ஸ்பெக்டர், இரண்டு தடவை. பிணம், ஒரு தடவை. ஒரு யுத்தப் படத்தில் பத்தாவது நிமிடமே குண்டு பட்டுச் செத்தார். நான் கதறியதில் அம்மா என்னைத் தியேட்டரிலிருந்து தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். வெளியே வந்தால் அப்பா சிகரெட் பிடித்தபடி நிற்கிறார். "செத்துட்டேனா? எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். யாருக்கும் அவரைத் தெரியாத காலம் அது. அப்போது அவர் முழுக்க எங்களுடையவர்.

ஜூலை 7, சனிக்கிழமை, எங்கள் பள்ளிப் பரிசளிப்பு விழா. நான் மேடையில் கவிதை சொல்கிறேன். மூன்று வருடமாக வருகிறேன் என்கிறார், வந்ததில்லை. உன் பள்ளி நாடகத்துக்கு, அதாவது தொடரில் நீ நடிக்கும் சூசியின் பள்ளி நாடகத்துக்கு, நவம்பரில் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த ஒரு தடவை அவர் இங்கே வந்து உட்கார வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

குதிரை இல்லை என்பதை யாரிடமும் சொல்லாதே.

ஜூடித்


மான்செஸ்டர்
17 மார்ச் 1973

அன்புள்ள மருமகளே,

சொல்ல மாட்டேன். அவர் ஜிப்சியைப் பற்றி ஆரம்பித்தால் இப்போதெல்லாம் எழுந்து போய் மூக்கைச் சிந்துகிறேன்.

நீ உன் ரகசியத்தைச் சொன்னாய், நான் ஒன்று சொல்கிறேன். என்னைப் போன்ற பிள்ளைகள் நடிக்க எங்கள் ஊர்க் கல்வி அலுவலகம் உரிமம் தர வேண்டும். மாலை ஏழு மணிக்கு மேல் என்னை ஸ்டுடியோவில் வைத்திருக்கக் கூடாது. பார்த்துக்கொள்ளத் துணைக்கு மிசஸ் பேட் என்ற அம்மாள் கூடவே இருப்பார். மூன்று வாரமாக வியாழக்கிழமைகளில் ஒன்பதரை ஆகிவிடுகிறது. பதிவேட்டில் ஏழு என்றே எழுதுகிறார்கள். மிசஸ் பேட், "நான் ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருக்கேன், கடிகாரமெல்லாம் என் கண்ணுக்குத் தெரியாது," என்பார். எனக்கும் போக மனமில்லை. இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும் ஜூடித். பள்ளியில் என்னை மக்கு என்பார்கள். இங்கே ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. இது வெளியே தெரிந்தால் உரிமம் போய்விடும், நானும் போய்விடுவேன். உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

முந்தாநாள் ராத்திரி ஸ்டுடியோ சோபாவிலேயே தூங்கிவிட்டேன். ஐவர்தான் தன் மேல்கோட்டைப் போர்த்தி வாசல்வரை தூக்கிக்கொண்டு போனாராம். "என்னமா கனக்குறா, பஸ்ஸைத் தள்றது சுலபம்," என்றாராம்.

அத்தை


ஷ்ரோப்ஷயர்
20 மார்ச் 1973, இரவு

பெவர்லி,

நீ சொல்லும் முந்தாநாள், பதினைந்தாம் தேதி, என் பிறந்தநாள். சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை தொலைபேசி இருக்கும் மாடிப்படி முனையிலேயே நின்றேன். நேற்று ஒரு அட்டை வந்தது. கையெழுத்து அவருடையது இல்லை.

தூக்கம் வந்தால் உன் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியதுதானே.

இன்றிரவு நான் இன்னொரு கடிதமும் எழுத வேண்டியிருக்கிறது. டார்ச் மங்குகிறது.

ஜூடித்


மான்செஸ்டர்
1 மே 1973

அன்புள்ள மருமகளே,

உன் பிறந்தநாள் எனக்குத் தெரியாது. வருத்தமாக இருக்கிறது. கோபம் தீர்ந்து எழுதுவாய் என்று காத்திருந்தேன்.

எனக்கு வேலை போய்விட்டது. கல்வி அலுவலகத்துக்கு யாரோ பெயர் போடாமல் எழுதியிருக்கிறார்கள். ஒரு வியாழக்கிழமை எட்டு மணிக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். நான் ஸ்டுடியோ விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தேன், ஒளியக்கூட முடியவில்லை. உரிமம் ரத்து. மிசஸ் பேட்டுக்கு அறுபத்தொரு வயது; அவரை அன்றே அனுப்பிவிட்டார்கள். பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

தொடரில் சூசியைக் கொல்லவில்லை. தலைக்குக் குளிக்க மாடிக்குப் போவாள். மூன்று வாரம் கழித்து வேறொரு பெண் துவாலையோடு இறங்கி வருவாள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்தப் பெண் வந்துவிட்டாள், பெயர் காரல், நல்ல மாதிரி. கடைசி நாள் ஐவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், நிஜமாகவே அழுதார். நான் சாமான்களை எடுக்கத் திரும்பிப் போனபோது காரலுக்கு டீ ஊற்றிக்கொடுத்தபடி ஜிப்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ நலமா?

பெவ்


ஷ்ரோப்ஷயர்
8 ஜூலை 1973, இரவு

அன்புள்ள பெவர்லி,

இரண்டு மாதமாக உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். காரல் மாடியிலிருந்து இறங்கி வந்த புதன்கிழமை கூடத்தில் ஒரே கூச்சல். "தலைக்குக் குளிச்சா முகமே மாறிடுமா? என்ன சோப்புடீ அது, எனக்கும் வேணும்," என்றாள் பமேலா. எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

நேற்று அப்பா வந்தார். பரிசளிப்பு விழாவுக்கு. முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

அம்மாக்கள் எல்லாம் கையெழுத்துக்கு வரிசையில் நின்றார்கள். பமேலாவின் அம்மா, "ஃபிராங்க், சூசி எப்படி இருக்கா?" என்றார். "நல்லாருக்கா மேடம், முடிதான் இன்னும் காயல," என்றார். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டே இருந்தார். புல்வெளியில் ஸ்ட்ராபெரி சாப்பிடும்போது கேட்டேன்: "எப்படிப்பா இந்தத் தடவை வந்தீங்க?"

"பெவர்லி திட்டிட்டா," என்றார். "கடைசி நாள் எல்லார் முன்னாடியும். 'என்னைக்காவது ஒரு வியாழக்கிழமை எனக்கு வராம இருந்திருக்கீங்களா? ஜூலை ஏழு, போய் உக்காருங்க'ன்னா. ஏன் அழுறே ஜூடி?"

உன் பெயரை அவர் சொன்ன விதத்தில், அப்போதும்கூட எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பெயர் போடாத கடிதம் நான் எழுதியது. மார்ச் 20 இரவு, உனக்கு எழுதிய அதே நோட்டுத் தாளில், இடது கையால். நீ போய்விட்டால் அவர் என்னிடம் வருவார் என்று நினைத்தேன். மிசஸ் பேட்டைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. எட்டு மணிக்கு விளக்கில் நின்றேன் என்று எழுதியிருந்தாயே, ஒவ்வொரு இரவும் அதுதான் கண்ணில் நிற்கிறது. கல்வி அலுவலகத்துக்கு என் பெயரைப் போட்டு இன்னொரு கடிதம் எழுதட்டுமா? மிஸ் கிராடக்குக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை.

என்னை மன்னிப்பாயா?

ஜூடித்


மான்செஸ்டர்
15 ஜூலை 1973

ஜூடித்,

அலுவலகத்துக்கு எழுதாதே. பதிவேட்டில் ஏழு என்று பொய் எழுதியது உண்மைதானே. நீ எழுதினாலும் மிசஸ் பேட்டைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். அவர் ஷெஃபீல்டில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒன்பதரை மணி விஷயத்தை நான் ஒருத்தியிடம்தான் சொன்னேன். அதிகாரிகள் வாசலில் வந்து நின்றபோதே தெரிந்துவிட்டது. மே மாதம் உனக்கு எழுதும்போதும் தெரியும். நீயாகச் சொல்வாயா என்று பார்த்தேன்.

உனக்காக நான் ஐவரைத் திட்டவில்லை. காரலுக்குப் பதினொரு வயதுதான். அவர் உன்னிடம் வராவிட்டால் அடுத்து நீ அவளுக்கு எழுத ஆரம்பிப்பாய் என்று பயந்தேன்.

உங்கப்பாவை நான் ஒருநாளும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு எங்கப்பா இருக்கிறார். லாரி ஓட்டுகிறார். அந்த வியாழக்கிழமைகளில் எத்தனை மணியானாலும் ஸ்டுடியோ வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதை உனக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நீ கவிதை நன்றாகச் சொன்னாய் என்று நினைக்கிறேன். இனி எழுத வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன். இந்த உறையிலும் அத்தை பெயரையே போட்டிருக்கிறேன், நீ மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று.

எங்கப்பா எட்டிப் பார்த்து, "யாருக்கும்மா இவ்ளோ நேரமா எழுதுற?" என்கிறார்.

வேலை செய்த இடத்தில் தெரிந்த ஒருவருடைய மகள் என்று சொல்லியிருக்கிறேன்.

பெவர்லி ஹார்கர்